நலம்விரும்பி போட்ட கமெண்ட்டுகள்

ஒரு டம்ளர் தண்ணீரை அட்டையால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, கேமரா முன்னால் ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, மேடம். பத்துத் தடவை செய்தால் ஏழு தடவை சட்டை நனையும். மீதி மூன்றில் இரண்டு தடவை என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். காற்றழுத்தப் பாடத்தை எங்கள் சமையலறையில் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்தோம். முடிக்கும்போது வீட்டில் எனக்குக் காய்ந்த சட்டை ஒன்றுகூட இல்லை.

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நானில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழிமுறை வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறவன். அதனால் நானும் வழிமுறையோடு எழுதுகிறேன்.

எல்லா ஆசிரியர்களும் பாடத்துக்கு இணையத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் சுற்றறிக்கை விட்ட அன்று, என் மனைவி ஆசிரியர் அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் செல்போனில் அழைப்பை எடுக்கத் தெரியுமே தவிர வைக்கத் தெரியாது. எங்கள் வீட்டு வாக்குவாதங்களில் பாதியை அவளுடைய அக்கா அந்த வைக்காத போன் வழியாகத்தான் கேட்டிருக்கிறார்.

நான்தான் கற்றுக்கொடுத்தேன். காசு கேட்காத செயலிகளாகத் தேடிப் பிடித்தேன். வினாடி வினா வைக்க ஒன்று, படம் வரைந்து காட்ட ஒன்று, வீடியோவை வெட்டி ஒட்ட ஒன்று. வகுப்புக்கு ஒரு குழு, வீடியோ போட ஒரு சேனல். அவள் பெயரில் கணக்குகளைத் திறந்ததும் நான், பாஸ்வேர்டு போட்டதும் நான்.

மூன்றே மாதத்தில் பிள்ளைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தும்மும்போது கண் ஏன் மூடிக்கொள்கிறது என்று குழுவில் கேட்டிருந்தாள். என் மனைவி மிளகுப்பொடியோடு கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் பதினோரு தும்மல். அந்த வீடியோவை மற்ற பள்ளிகளிலும் போட்டுக் காட்டினார்களாம். நானும் அதே செயலியில் பின்னங்களுக்கு ஒரு வினாடி வினா வைத்தேன். நாற்பத்தெட்டுப் பேரில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவன் வழி தவறி வந்தவன்.

வீடியோவில் என் முகம் வராது, டம்ளர் பிடிக்கிற கை மட்டும் வரும். பிள்ளைகள் எனக்கு 'கை சார்' என்று பெயர் வைத்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்தால் அடுத்த வீடியோ எப்போது என்பார்கள், பின்னத்தைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அந்த வாரம்தான் 'நலம்விரும்பி' என்ற கணக்கைத் தொடங்கினேன். முதல் கமெண்ட் மிகவும் மரியாதையானது. நல்ல பாடம், டீச்சர் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் பிள்ளைகளுக்கு இன்னும் புரியும், அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டின்போது என் மனைவி அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"யாரோ பெத்தவங்க போலிருக்கு. சரியாத்தான் சொல்றாங்க."

அடுத்த பாடத்தில் மெதுவாகப் பேசினாள். இதையே நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், மேடம். நான் சொன்னால் "சரிங்க" என்பாள், அதே வேகத்தில் போவாள். நலம்விரும்பி ஒரு தடவை சொன்னதும் கேட்டுக்கொண்டாள். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் புரியும்.

பிறகு வாரம் ஒன்று எழுதினேன். கையை இவ்வளவு ஆட்ட வேண்டாம். குரல் கீச்சென்று இருக்கிறது. இந்த வயதில் கேமரா முன் தும்மிக் காட்டுவது ஆசிரியருக்கு அழகா. எதையும் அவள் தட்டவில்லை, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டாள். சிரிப்பதையும் விட்டாள். காற்றழுத்தப் பாடத்தை மறுபடி எடுத்தபோது டம்ளர் முதல் தடவையிலேயே சரியாக நின்றது. எனக்குச் சட்டை துவைக்கிற வேலை மிச்சம்.

ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு, "என்னங்க, நான் அவ்வளவு மோசமாவா சொல்லிக்கொடுக்கிறேன்?" என்று கேட்டாள். ஊர் வாயை மூட முடியுமா, விடு என்று தேற்றினேன். நலம்விரும்பிக்கு என்ன பதில் போடலாம் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தோம். பணிவான ஒரு பதிலை நானே எழுதிக்கொடுத்தேன். மறுநாள் அது நலம்விரும்பிக்கு வந்தபோது படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. எங்கள் திருமண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை. அதற்கு முன் அவள் என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

பிள்ளைகள்தான் நலம்விரும்பியோடு மல்லுக்கு நின்றார்கள். பிடிக்கவில்லையென்றால் நீங்கள் பார்க்காதீர்கள், எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தும்மல் கேள்வி கேட்ட அதே பெண் எழுதினாள். துடுக்கான பிள்ளை. ஆனால் வாக்கியத்தில் பிழை இல்லை.

மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என் மனைவியைத் தேர்ந்தெடுத்திருப்பதாக நீங்கள் அறிவித்தபோது, அரங்கத்தில் கடைசியாகக் கைதட்டலை நிறுத்தியவன் நான். இரண்டு மாதம், ஊர் ஊராக. தண்ணீர் மாறினாலே அவளுக்குச் சளி பிடிக்கும். அதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், பிள்ளைகளுக்கான அவளுடைய பயிற்சி வினாடி வினாவில் தேர்வுத்தாளின் மூன்று கேள்விகள் அப்படியே இருந்தன. நலம்விரும்பி அதைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினார். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் தேர்வை மறுபடி எழுதினார்கள். அவளிடமிருந்து வகுப்பை எடுத்துவிட்டீர்கள், பயிற்சிக்கு வேறொருவர் போனார், சேனலை மூடச் சொன்னீர்கள். விசாரணை அறைக்கு வெளியே அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது நான்தான். இப்படி ஒரு புருஷன் அமைய வேண்டுமே என்று நீங்களே சொன்னீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை என் செல்போனைப் பெரிய திரையோடு இணைத்து எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்திக்கொண்டிருந்தேன். திரையின் மேல் பக்கம் அந்த வீடியோ செயலியிலிருந்து ஒரு வரி இறங்கியது: 'நலம்விரும்பி, உங்களைப் பார்த்து நாளாகிவிட்டதே!' நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் அதை வாசித்தார்கள். என் வகுப்பில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் வாசித்ததில்லை.

நலம்விரும்பி யார் என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். அந்த மூன்று கேள்விகளைப் பற்றிக் கேட்கவில்லை. வழிமுறையில் ஒரு படியை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐந்தாவது, ஒன்பதாவது, பதினான்காவது. போட்டது நான். வினாத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது, அவளுடைய பாஸ்வேர்டும் இருந்தது. தான் போடவில்லை என்று உங்கள் முன்னால் அவள் அழுதது உண்மை. அன்று பள்ளியில் அதை நம்பியவன் நான் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்:

"அந்த மூணு கேள்வியும் நீங்கதானா?"

"ரெண்டு மாசம் அலைஞ்சா உன் உடம்பு தாங்காதுன்னுதான்" என்றேன்.

 அவள் தன் செல்போனை எடுத்து ஒரு பத்து நிமிடம் என்னவோ செய்தாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

"பாஸ்வேர்டை எல்லாம் மாத்திட்டேன்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"அந்தத் தும்மல் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபம் தணிந்தால் வந்துவிடுவாள். எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அவளுடைய வகுப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை அதற்கான ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம்.

நேற்று அவள் சேனலை மறுபடி திறந்து, வெப்பத்தைப் பற்றி ஒரு பாடம் போட்டிருக்கிறாள். பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், கமெண்ட் பகுதி திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறது. நானும் பார்த்தேன். ரயில் வேகத்தில் பேசுகிறாள், கையை ஆட்டுகிறாள், நான்காவது நிமிடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இத்தனை மாதம் பாடுபட்டுத் திருத்தியது எல்லாம் ஒரே வாரத்தில் பாழ். யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நலம்விரும்பி சொன்னாலும் இனிக் கேட்க மாட்டாள். அதனால் இன்று காலை 'பழைய மாணவி' என்று ஒரு பெயர் எடுத்திருக்கிறேன். முதல் கமெண்ட்டில் பாராட்டு மட்டும்தான்.