கோட்டைச்சாமியின் பன்னிரண்டு வோல்ட்

இரவு பதினொரு மணி. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் சாலை. கடைசி பஸ் போய் வெகுநேரமாகிவிட்டது. சாலை நடுவே ஒரு பழைய மண்ணெண்ணெய் டிராக்டர் செத்து நிற்கிறது. அதன் முன்னால் ஒருவர் குனிந்து ஹேண்டிலைச் சுற்றுகிறார்... நிமிர்கிறார்... வைகிறார்... மறுபடியும் சுற்றுகிறார்.

அவர் பெயர் கோட்டைச்சாமி. நம் கூட்டாளி சௌந்தரபாண்டியனுக்குத் தாய்மாமன். அவன் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. இன்று ஊருக்குப் போயிருக்கிறான்.

அறுபத்தெட்டாம் வருடம், ஐப்பசி. காத்திருந்த மழை ஒரே இரவில் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. கரிசலில் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். முந்திய இரண்டு வருடமும் விதைப்புத் தவறியிருந்தது; மூன்றாவதைத் தாங்க வீட்டில் தானியம் இல்லை. பகலோடு இரவையும் சேர்த்து ஓட்டினால்தான் முடியும். டிராக்டரோ ஆறு வோல்ட். கிளப்பும் செல்ஃபைத் தொட்டால் முனகும். விளக்கைப் போட்டால் முன்சக்கரத்துக்கு அப்பால் இருட்டு.

மறுநாள் மாடு கட்டி இழுத்துத்தான் அதைப் பாளையம்பட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

"பன்னெண்டு ஆக்கிருவோம்ணே" என்றான் மெக்கானிக் தனுஷ்கோடி. "அப்புறம் நீங்க லைட்டப் போட்டா, விடிஞ்சிருச்சுன்னு சேவல் கூவும்."

பேட்டரியை மாற்றினால் முடிந்தது என்பது கோட்டைச்சாமியின் கணக்கு. வண்டியின் கணக்கு வேறாக இருந்தது. புதுப் பேட்டரியை வைத்ததும் பழைய பல்புகள் இரண்டும் பொட்டென்று உயிரை விட்டன. புதுப் பல்பு மாட்டினால், டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. டைனமோவை மாற்றினால், அதற்கும் பேட்டரிக்கும் நடுவே கரண்டைச் சேர்த்தும் வெட்டியும் விடும் கட்டவுட் ஒத்துவரவில்லை. மதுரையிலிருந்து வரவழைத்த கட்டவுட்டைப் பிரித்துப் பார்த்தால், அதுவும் ஆறு வோல்ட். வயர் புகைந்து ரப்பர் கருகும் நாற்றம் அவருடைய வேட்டியிலேயே தங்கிவிட்டது.

காற்று வறண்டுகொண்டே வந்தது. தினமும் நிலத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்ப்பார். முதல் நாள் உருண்டையாகப் பிடிபட்ட மண், மூன்றாம் நாள் விரலிடுக்கில் உதிர்ந்தது.

மாட்டு ஏரால் தன் நிலத்தை முன்பே உழுது முடித்துவிட்ட நல்லகண்ணு, பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மச்சான், இந்த வருசம் வயரையா வெதைக்கப் போறீக?"

"போலே, ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டு!"

அன்று பொழுது சாயும் நேரத்தில் சரியான கட்டவுட்டும் கிடைத்து எல்லாம் கூடிவந்தது. செல்ஃபைத் தொட்டதும் இயந்திரம் உறுமியது. நிலத்துக்குக் கொண்டுவந்து விளக்கைப் போட்டார். வெளிச்சம், நிலத்தின் நடுவில் நின்ற ஒற்றைப் பனைவரை பாய்ந்தது.

"விடியுறதுக்குள்ள உழுதுருங்க. நான் வெதையோட வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி தங்கத்தாய் வீட்டுக்குப் போனாள்.

முதல் உழவுச் சால்... வெளிச்சம் முடிகிற இடத்தில் ஒருவர் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு. தலையோடு சேர்த்துப் போர்த்திய கருங்கம்பளி.

"யாருய்யா அது? வெலகுங்க!"

விலகவில்லை. வண்டி முன்னேறியது, இடைவெளி குறையவில்லை. அந்த ஆள் நடந்ததாகவும் தெரியவில்லை. சாலின் கடைசியில் வண்டியைத் திருப்பினார். திரும்பிய பக்கத்திலும், வெளிச்சம் முடிகிற இடத்தில்... அதே முதுகு.

கோட்டைச்சாமிக்குப் பயத்தை முந்திக்கொண்டு எரிச்சல்தான் வந்தது. பேட்டரி, பல்பு, டைனமோ, கட்டவுட்... இப்போது இது. இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஏறி உட்கார்ந்தால் ஆள் உண்டு. இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகவே நேரம் போயிற்று. நிலத்தின் ஓரம்கூட உழுதபாடில்லை.

"வெளிச்சம் வந்ததாலதான ஒன்னையப் பாக்க வேண்டியிருக்கு" என்று பல்லைக் கடித்தார். தலைத்துண்டை இரண்டாகக் கிழித்து இரண்டு விளக்குகளின் மேலும் கட்டினார். அத்தனை பாடுபட்டு ஏற்றிய வெளிச்சம் பழைய ஆறு வோல்ட்டுக்கே இறங்கியது. ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

இப்போது அந்த முதுகு முன்சக்கரத்தை ஒட்டி நின்றது. கம்பளியில் பிரிந்து தொங்கிய நூல்கூடத் தெரிந்தது. மண்ணெண்ணெய்ப் புகையையும் மீறி ஒரு வாடை... நனைந்த கம்பளி வாடை. மழை ஓய்ந்து நாலு நாளாயிற்று.

"நிக்கணும்னா நில்லு. நான் பாக்கல."

விளக்கை அணைத்தார்.

நிலவில்லாத இரவு. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் அது நிற்கிறது... இது அணைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வண்டியில் ஏறக் கால் வைக்கும் தகடு கிறீச்சிட்டது. ஒரு முறை. சற்றுப் பொறுத்து... இன்னொரு முறை.

அதற்கு மேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விடியற்காலையில் தங்கத்தாய் விதைப்பெட்டியோடு வந்தாள். நிலம் முழுவதும் உழுது கிடந்தது. சால்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. கோட்டைச்சாமி ஒருநாளும் அப்படி உழுததில்லை. டிராக்டர் வரப்போரம் நின்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்தே இருந்தது. அவர் ஓட்டும் இருக்கையில் இல்லை. பக்கத்து மட்கார்டின் மேல், கூட வருகிறவர்கள் தொற்றிக்கொண்டு வரும் இடத்தில், முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்.

"ராவோட ராவா முடிச்சிட்டீகளே!" என்று சிரித்துக்கொண்டே அவள் கிட்டே போனாள். "எண்ணெயக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கே, அமத்தக் கூடாதா?" என்று, காலியாகக் கிடந்த இருக்கையில் கையூன்றி ஏறப் போனாள்.

கோட்டைச்சாமி வெடுக்கென்று அவள் கையைத் தட்டிவிட்டார்.

"இரு... அவுக இன்னும் எறங்கல."