அலவி நானாவின் பல்செட்

தொதல் எவ்வளவு இனிப்பென்றாலும் நான் அதைச் சாப்பிடுவதில்லை. கையில் ஒட்டும், பல்லில் ஒட்டும், பிறகு நாள் முழுக்க நாக்கு அதையே தேடிக்கொண்டிருக்கும். அப்படியானால் மேல்வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் எதற்கு இவ்வளவு தொதல் வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பள்ளிவாசல் நிர்வாகத்தார் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் வீடியோ டெக் வைத்திருப்பவன் நான்தான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் படம் போடுவேன். நாட்டில் யுத்தம், வெளியே போனால் சோதனை. ஆகவே சனங்கள் என் வீட்டில் கூடிச் சண்டைப் படம் பார்த்தார்கள். எனக்கோ சண்டை பிடிக்காது. மேசைக்கு இரு பக்கமும் இருந்து இரண்டு பேர் கதைக்கும் காட்சிதான் பிடிக்கும். ஒருவன் மற்றவனைக் கொல்ல வந்திருப்பான், ஆனால் கதைப்பது சாப்பாட்டைப் பற்றி. குரல் உயரக்கூடாது, உயர்ந்தால் காட்சி செத்தது. அந்த இருவரில் ஒருவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பார்க்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, கேட்ட கேள்விக்கு உடனே பதில் வரக்கூடாது. அந்த மௌனத்துக்காகத்தான் நான் படமே பார்க்கிறேன்.

அந்த மௌனத்தில்தான் அலவி நானா வாயைத் திறப்பார்.

"இப்ப இவன் சுடப்போற, பாருங்க."

சுடுவான். படத்தை அவர் முன்பு பார்த்திருக்கவும் மாட்டார். வெறும் ஊகம், ஆனால் ஒருநாளும் பிழையானதில்லை. மேல்வீட்டு மனிதர், தங்கமானவர். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊரடங்கு நேரத்தில் டொக்டரைக் கூட்டிவந்தவர். நான் நன்றி கெட்டவன் அல்ல. அதனால்தான் தொதலோடு நிறுத்தப் பார்த்தேன்.

பல்செட் கட்டியவர் தொதலைக் கடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கதைக்க முடியாது. அன்று அதற்கு மேலேயும் நடந்தது. தொதலோடு மேலும் கீழுமாகச் செட் முழுவதும் கையோடு வந்துவிட்டது. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி டெக்குக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்கள் இருக்கும் இடத்தில் பொக்கை வாயைத் திறக்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தார். நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படம் முடியும்வரைதான். ஆனால் அப்படியொரு அமைதியில் நான் படம் பார்த்ததே இல்லை. இன்னொரு படம் போட்டேன்.

பிறகு எல்லோரும் பல்லைத் தேடினார்கள். நானும் தேடினேன். என் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்து நானே குனிந்து பார்த்தேன்.

மறுநாள் அவருடைய ஒரே மகள் நஸீறாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கல்யாணக் காவின். மகளைக் கொடுக்கும் வார்த்தைகளை வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அலவி நானா ஒரு மாதமாக அதைப் படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிப் பழகினார். இதை நான் உணராதவன் அல்ல. மண்டப வாசலில் வைத்துப் பல்லைக் கொடுப்பதாக இருந்தேன். அப்போது அவர் முகம் எப்படி மலரும் என்று நினைத்தே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவருடைய மனைவி பைறோஸாவும் பெண்களும் வேனில் முதலில் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் திரீவீலில் போனோம். காலி நகருக்குப் போகும் வீதியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டையில் கன்னம் நிறைந்த மனிதர், முன்னால் வாய் உள்ளே போன கிழவர். ஆமிக்காரன் சின்னப் பொடியன். அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"மே ஒயாத?" என்று மெதுவாகக் கேட்டான். இது நீதானா என்று.

அலவி நானா சிங்களத்தில் சொன்ன பதில் காற்றாக வந்தது.

குரல் உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே போகிறீர்கள் என்றான். மகளின் கல்யாணத்துக்கு என்று நான் சொன்னேன். சாப்பாடு புரியாணியா என்றான். ஓம் என்றேன். ஒரு சஹனில் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்றான். ஆறு பேர், ஒரே தட்டைச் சுற்றி, என்றேன். வட்டிலப்பமும் உண்டா என்றான். கதை சாப்பாட்டைப் பற்றி, நடப்பது வேறு. என் மயிர் கூச்செறிந்தது. பல்செட் என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அது மற்ற இருவருக்கும் தெரியாது.

பிறகு என்னிடம் கேட்டான். "இந்த ஆளை உனக்கு நல்லாத் தெரியுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். அலவி நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரீவீல்காரன் மூச்சுவிட மறந்தான். அப்படியொரு மௌனம் ஒருவனுக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். நான் "தெரியும்" என்றபோது பொடியன் என்னை நம்பவில்லை. தனக்கு மேலான பெரியவர் வரும்வரை இருவரையும் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டான்.

"மஷூர், எண்ட புள்ளயக் குடுக்க நான் போகணுமே," என்று அலவி நானா பொக்கை வாயால் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அழுதார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பல்லை எடுத்து நீட்டினால் அது மலிவான திருப்பமாகப் போயிருக்கும்.

அசர் தொழுகைக்குப் பிறகு பெரியவர் வந்தார், பார்த்தார், சிரித்தார், விட்டுவிட்டார். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து களைத்துப்போக, நஸீறாவை அலவி நானாவின் தம்பியே கொடுத்து முடித்திருந்தார். அலவி நானா மகளின் தலையைத் தடவினார்.

எங்களுக்குக் கடைசிச் சஹன் வைத்தார்கள். ஆறு பேர் உட்கார்ந்தோம். கோழித் துண்டை எடுக்க நான் கொஞ்சம் முன்னால் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த கைக்குட்டை நழுவி அவிழ்ந்து, பல்செட் புரியாணியின் நடுவில், அலவி நானாவைப் பார்த்துச் சிரித்தபடி விழுந்தது.

ஒருவரும் கதைக்கவில்லை. நீண்ட, அருமையான மௌனம். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை. நான் ஆசைப்பட்ட காட்சி அதுதான்.

அலவி நானா செட்டை எடுத்தார். கை கழுவும் தண்ணீரில் அலம்பினார். வாயில் மாட்டி இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். பிறகு மற்ற நால்வர் பக்கமும் திரும்பினார்.

"இப்ப இவனுக்கு அடி விழப்போற, பாருங்க," என்றார்.

விழுந்தது. நீங்கள் பார்க்கிற இந்தக் கண் வீக்கம் அதனால் வந்ததுதான். பல்லை எடுத்தது நான், பதிலைத் தாமதித்தது நான், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் நியாயம் பேசுகிறவர்கள். முடிவை இப்படி முதலிலேயே சொல்லிவிடுகிற ஒரு மனுசனோடு எப்படி ஒரே தொடர்மாடியில் குடியிருப்பது?