கழுத்து வரை வந்த படம்

முதலில் சுவரைப் பற்றிப் பேசுவோம் சார், டீசல் கேன் எங்கும் ஓடிவிடாது. முகத்துவாரக்குப்பத்தில் மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரியின் சுவர். அதில் படம் போடுகிற சிவந்தியைக் கண்டுபிடித்தவன் நான்தான். குப்பத்துக்காரர்கள் ஆறு வருடமாக அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதெல்லாம் கண்டுபிடிப்பில் சேராது. கேமரா என்னிடம்தானே இருந்தது.

அவள் வேலை செய்கிற விதமே தனி. அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து கரையில் படிகிற சாம்பலைச் சோற்றுக்கஞ்சியில் குழைத்து விரலால் தீட்டுவாள். அதுவும் புருஷன் சுப்புராயன் கடலிலிருந்து திரும்ப நேரமானால்தான். முதலில் அவன் பாதம், பிறகு முழங்கால், பிறகு லுங்கி. படகு கரை தட்டியதும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவாள். தலையிலிருந்து தொடங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"காலு போட்டாத்தான் நைனா, நடந்து வருவாரு. மூஞ்சி போட்டா, இனிமே அவரு வரமாட்டாருன்னு நானே சொல்ற மாதிரி ஆயிப்பூடும்."

பத்து மாதத்தில் பதினான்கு படம் எடுத்தேன். ஒன்றுக்கும் தலை இல்லை. நுங்கம்பாக்கத்தில் கேலரி நடத்தும் அம்மையார் ஏசியில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு, முழுசாக ஒன்று கொண்டு வந்தால் ஜனவரியில் கண்காட்சி என்றார். சுப்புராயனோ பொறுப்பான மனிதன். இடுப்பு வருவதற்குள் வந்து தொலைப்பான். கலைக்கு இப்படியும் ஒரு தடங்கல்.

அன்று அவன் தனியாளாக நண்டு வலைக்குக் கிளம்பினான். நான் கேன் தூக்கிக் கொடுத்தேன்.

"படிச்ச புள்ள, இந்தக் கலீஜ்ல எறங்கி இன்னா மாமு பண்ணிகினு கீறே?" என்று சிரித்தான்.

கேனில் பாதி டீசல், பாதி கழிமுகத் தண்ணீர். காற்று மாறும் என்று கரையில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. கொலை என்பதெல்லாம் பெரிய வார்த்தை சார். நான் ஏற்பாடு செய்தது கொஞ்சம் தாமதம்.

முதல் நாள் இடுப்பு. இரண்டாம் நாள் நெஞ்சு, அதில் தாயத்துக் கயிறு. மூன்றாம் நாள் கழுத்து. அப்படிக் கோடு இழுப்பவளை நான் எங்கும் பார்த்ததில்லை, நான்கு ரோல் தீர்ந்துவிட்டது. அதோடு விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய கலைஞர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் இப்படித் தயக்கம் வரும். யாராவது உதவ வேண்டும். அவள் வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில் நானே முகத்தைப் போட்டேன்.

காலிப் படகு ஒதுங்கியது மறுநாள்தான். அதற்கு முன்பே அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள் சொன்னதை ரைட்டர் சிரித்துக்கொண்டே எழுதினாராம்.

"மூஞ்சி போட்டவனுக்குத்தான் சார் தெரியும், அவரு வரமாட்டாருன்னு. அவனப் புடிங்க."

எவ்வளவு கூர்மையான பார்வை. இதனால்தான் அவளைக் கலைஞர் என்கிறேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர் கலந்தது நான், முகம் போட்டதும் நான். அவள் இன்னும் அந்த முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். பிடித்துப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஜீப்பில் வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூக்கு கொஞ்சம் கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண் எப்படி வந்திருக்கிறது, சொல்லுங்கள் சார்?