நிலுவையில் ஐந்தாம் மாடி

பிளம்பர்: ...கதவைச் சாத்திட்டு வாம்மா. இருக்கிற கொஞ்ச காத்தும் வெளியில போகுது.

ஸ்டோரம்மா: வர்றேன், வர்றேன். மெதுவா வர விடுங்கண்ணே. முதுகு பிடிச்சுக்கிச்சு.

பிளம்பர்: வீட்டுக்காரரைத் தூக்கித் தூக்கி உக்கார வெச்சா பிடிக்காம என்ன செய்யும்?

ஸ்டோரம்மா: ம்... அப்படியே வெச்சுக்குங்க. உங்க சட்டைக் கை ஏன் முழங்கை வரைக்கும் ஈரமா இருக்கு?

பிளம்பர்: பிளம்பர் சட்டை நனையாம கணக்கர் சட்டையா நனையும்? நோட்டை எடு. மணி மூணு. பராமரிப்புக் கூட்டம் ஆரம்பம்.

ஸ்டோரம்மா: வந்தவங்க... ரெண்டு பேர்.

பிளம்பர்: வராதவங்க?

ஸ்டோரம்மா: அஞ்சு பேர். எலக்ட்ரீஷியன் ரிட்டயர் ஆயிட்டார். தச்சர் வேலையை விட்டுட்டார். சூப்பர்வைசர் வேற ஆபீசுக்கு மாறிட்டார். மீதி ரெண்டு பேருக்கு இப்படி ஒரு கூட்டம் இருக்கறதே மறந்து போச்சு.

பிளம்பர்: எழுதிக்கோ. போன வாரத்து நிலுவை?

ஸ்டோரம்மா: ஐந்தாம் மாடி பழைய ரெக்கார்டு ரூம். குழாய்க் கசிவு. விரிவாக விவாதிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிளம்பர்: அருமை. சரி, தலையைச் சாய்ச்சுக்கோ. நான் பேசிட்டு இருக்கேன்.

ஸ்டோரம்மா: இன்னைக்கு எப்படிண்ணே தூங்கறது? சர்க்குலர் பாக்கலையா?

பிளம்பர்: கண்ணாடி கொண்டு வரலை. நீயே படி.

ஸ்டோரம்மா: ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கணும். அரை மணி நேரத்துல முடியணும். எழுந்திரிக்கறப்ப ஒரு முடிவு இருக்கணும். யார் செய்வாங்க, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதணும். இது எதுவும் இல்லைன்னா... கூட்டம் ரத்து.

பிளம்பர்: நியாயமாத்தான் எழுதியிருக்காங்க.

ஸ்டோரம்மா: நீங்க அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?

பிளம்பர்: இல்லம்மா, நல்லா இருக்குன்னு சொன்னேன். நமக்குத்தான் உதவாது.

ஸ்டோரம்மா: கீழே ஒரு வரி. ஒரு வருஷத்துக்கு மேல நிலுவையில இருக்கறதை மேனேஜர் மேடமே நேர்ல போய்ப் பாப்பாங்களாம். இன்னைக்கு ரெண்டரைக்கு ஐந்தாம் மாடி.

பிளம்பர்: ம்... பாக்கட்டும். இருக்கறதைத்தானே பாக்கப் போறாங்க.

ஸ்டோரம்மா: ஆமா. இருக்கறதைத்தானே... அண்ணே, இந்தக் கூட்டம் போச்சுன்னா நான் செத்தேன். சும்மா சொல்லலை. ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். விடிஞ்சா இங்க ஸ்டோர்ல ஆள் மாத்தி ஆள் ஜன்னலைத் தட்டறாங்க. வாரத்துல நான் ஒழுங்காக் கண்ணை மூடறது இந்த ஒரு மணி நேரம்தான்.

பிளம்பர்: தெரியும்மா.

ஸ்டோரம்மா: இதை அந்தத் தாள்ல எப்படி எழுதறது? கூட்டத்தின் நோக்கம்... தூக்கம்னா?

பிளம்பர்: எனக்கு என்ன நோக்கம்னு கேட்டா நான் மட்டும் என்ன எழுதுவேன்?

ஸ்டோரம்மா: உங்களுக்கு என்ன? நான் குறட்டை விடறேன், நீங்க சுவத்தைப் பாத்துப் பேசிட்டு இருக்கீங்க.

பிளம்பர்: வெளியில போறவங்களுக்குக் கூட்டம் நடக்குற மாதிரி கேக்கணும்ல.

ஸ்டோரம்மா: அப்படி என்னதான் பேசுவீங்க?

பிளம்பர்: என்னத்தையோ. மகன்கிட்டப் பேச வேண்டியது. அவன் போன் எடுத்தா "மீட்டிங்ல இருக்கேன்ப்பா"ன்னு வெச்சுடறான். சரி, நானும் மீட்டிங்லதானே இருக்கேன்னு... உனக்குக் கேக்குமா என்ன?

ஸ்டோரம்மா: பாதி கேக்கும். மருமகளுக்கு ரெண்டாவது பிள்ளைன்னு அப்படித்தான் தெரியும்.

பிளம்பர்: அடிப்பாவி!

ஸ்டோரம்மா: உஷ்... செருப்புச் சத்தம். விவாதிங்க, விவாதிங்க!

பிளம்பர்: ஆக... அந்த வளைவுல இருக்கிற இணைப்பு இருக்கு பாரு...

மேனேஜர்: உள்ள வரலாமா?

ஸ்டோரம்மா: வாங்க மேடம். உக்காருங்க.

மேனேஜர்: ஒரு நிமிஷம்... மூச்சு வாங்கிக்கறேன். லிஃப்ட் நாலோட நின்னுடுதே.

பிளம்பர்: ஆமாங்க மேடம். அதுக்கு மேல படிதான்.

மேனேஜர்: காலையில இருந்து இது ஏழாவது கூட்டம். அதுல ரெண்டு, கூட்டங்களை எப்படிக் குறைக்கறதுன்னு பேசற கூட்டம். சிரிக்காதீங்க.

பிளம்பர்: சிரிக்கலைங்க மேடம். இருமல்.

மேனேஜர்: உண்மையைச் சொல்றேன். உங்க கூட்டத்தை நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் படியேறினேன். மூணு வருஷமா ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கீங்க.

ஸ்டோரம்மா: ஆமா மேடம்...

மேனேஜர்: மேல போய்ப் பாத்தா நிஜமாவே சொட்டுது. கீழே வாளி நிரம்பி வழியுது. தரையெல்லாம் தண்ணி.

பிளம்பர்: நிரம்பி... வழியுதா?

மேனேஜர்: ஏன், உங்களுக்குத் தெரியாதா?

ஸ்டோரம்மா: தெரியும் மேடம், தெரியும். அதைத்தான் வாராவாரம் விவாதிக்கறோம்.

மேனேஜர்: ரூம் பூரா விரல் தடிமனுக்குத் தூசி. வாளித் தண்ணியில மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சரி. எப்ப சரி பண்ணுவீங்க?

பிளம்பர்: இன்னைக்கே. ஒரு சுத்து முறுக்கினா... அதாவது, பாத்து முறுக்கணுங்க.

மேனேஜர்: யார், எந்தத் தேதி?

ஸ்டோரம்மா: பிளம்பர். இன்று. எழுதிட்டேன் மேடம்.

மேனேஜர்: பாத்தீங்களா, முடிவு எடுக்க அரை நிமிஷம் கூட ஆகலை. இதோட விட்டுடாதீங்க. மாடி மாடியா ஒவ்வொரு குழாயையும் பாருங்க. கூட்டத்துல வெச்சுப் பேசுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கறேன்.

ஸ்டோரம்மா: அப்ப... கூட்டம் இருக்கு?

மேனேஜர்: இருக்கு. ஆனா அரை மணி நேரம்தான்.

ஸ்டோரம்மா: ஒரு மணி நேரமா இருந்தா இன்னும் கொஞ்சம் ஆழமா...

மேனேஜர்: முக்கால். அதுக்கு மேல கேக்காதீங்கம்மா. எட்டாவது கூட்டம் மூணரைக்கு. ஃபேன் இங்க நல்லா சுத்துது. வர்றேன்.

பிளம்பர்: ...போயிட்டாங்களா?

ஸ்டோரம்மா: படி இறங்கிட்டாங்க.

பிளம்பர்: அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

ஸ்டோரம்மா: சொல்லுங்க.

பிளம்பர்: அந்தக் கசிவு... ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடியே சரி பண்ணிட்டேன்.

ஸ்டோரம்மா: தெரியும். வாஷர் எடுத்துக் குடுத்தது யாரு?

பிளம்பர்: தெரிஞ்சுமா வாராவாரம் எழுதின?

ஸ்டோரம்மா: நீங்க ஏன் வாராவாரம் சொல்லலை?

பிளம்பர்: சொல்லத்தான் வந்தேன். உன் வீட்டுக்காரர் விழுந்து பத்து நாள் இருக்கும். நான் வாயைத் திறந்தேன்... உன் தலை மேசை மேல கிடந்துச்சு. வாய் லேசாத் திறந்திருந்துச்சு, சின்னப் பிள்ளை மாதிரி. எழுப்ப மனசு வரலைம்மா. வேலை முடிஞ்சுதுன்னு சொன்னா அடுத்த வாரம் நீ எங்க போய்த் தூங்குவ?

ஸ்டோரம்மா: ...முழிச்சதும் சொல்லுவீங்கன்னு பேனாவைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். "ஒத்திவைக்கப்பட்டது, எழுதிக்கோ"ன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதேன்.

பிளம்பர்: அதுக்கெல்லாம் அழுவாங்களா...

ஸ்டோரம்மா: கூடப் பிறந்தவங்க ஒரு நாள் வந்து உக்காரலைண்ணே. விடுங்க. மத்தியானம் போய் நட்டைத் தளர்த்திட்டீங்க, அதானே?

பிளம்பர்: எப்படித் தெரியும்?

ஸ்டோரம்மா: ஒரு மணிக்கு ஈரச் சட்டையோட என் ஜன்னலைத் தாண்டிப் போனீங்களே.

பிளம்பர்: ஒரே ஒரு சுத்துதான் தளர்த்தினேன். நிமிஷத்துக்கு நாலு சொட்டு. சாயங்காலத்துக்குள்ள வாளியோட அடி நனைஞ்சாலே பெருசு. அது எப்படி நிரம்பி வழியும்? அதான் எனக்கு...

ஸ்டோரம்மா: எதையும் அரைகுறையாத்தான் செய்வீங்க. மூணு வருஷக் கசிவுன்னு சொல்லிட்டு காஞ்ச வாளியைக் காட்டுவாங்களா? நாலாம் மாடியில தண்ணி பிடிச்சு, படியேறி, ரெண்டு வாளி கொண்டு போய் ஊத்தினேன்... பின்ன, எனக்கு முதுகு எதுல பிடிச்சுக்கிச்சுன்னு நினைச்சீங்க?