இரண்டு சதவீதம்

காபியில் இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. பார்க்க நன்றாக இருக்கிறது. எங்கள் பட்டறையில் சர்க்கரை போட்டுக் குடிப்பவன் நான் ஒருவன்தான்.

முப்பது வருடமாக இந்த ஔடனார்டே ஊரில் பந்தய சைக்கிள்களைப் பழுது பார்க்கிறேன். முன்பெல்லாம் கால் ஓய்ந்துவிட்டதா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியும். இப்போது கைப்பிடித் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். பெடலோடு பவர் மீட்டர் இருக்கிறது. மிதிக்கிற பலத்தை வாட்டில் காட்டும். அதை உடல் எடையால் வகுத்தால் ஆறு வர வேண்டும். வந்தால் வசந்தகாலப் பந்தயத்தில் இடம், வராவிட்டால் வீடு. எங்கள் பந்தய அணியின் மேலாளர் ஹில்டே போட்ட சட்டம். ஏற்றத்தில் முதலில் வந்தது யார் என்பது அவளுக்கு முக்கியமில்லை. பின்காற்று தள்ளியிருக்கலாமாம்.

பிப்ரவரியில் எங்கள் அணி வீரன் யோரன் என்னிடம் வந்தான். இருபத்துமூன்று வயது, அறுபத்தெட்டு கிலோவாக இருந்தவன்.

"ரெமி அண்ணே, ரெண்டு கிலோ இறங்கிட்டேன். மீட்டரைப் புது எடைக்குச் சரிபண்ணிக் குடுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மேலே உட்கார்ந்திருப்பது மனிதனா மூட்டையா என்றுகூட மீட்டருக்குத் தெரியாது. எடை மாறினால் கைப்பிடியில் உள்ள திரையில் புது எடையைப் பதிந்தால் போதும். மீட்டரைத் தொடவே வேண்டியதில்லை. இதுகூடத் தெரியாதவன்தான் எண்களைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துவான். கேட்டான், தொட்டேன். இரண்டு சதவீதம் குறைவாகக் காட்டும்படி வைத்தேன்.

என் மனைவி மார்லீன் கொடுத்தனுப்பிய பால்கட்டி அப்பத்தை அவன் தராசில் வைத்து எடை போட்டது அதற்கு முந்தைய வாரம். "இதைத் தின்னுதானே அண்ணே இந்தத் தொப்பை? நீங்களும் ஒரு காலத்துல சைக்கிள் ஓட்டினீங்கன்னு சொன்னா சைக்கிளே நம்பாது!" பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காகச் செய்ததாக எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனசு எனக்கில்லை. திரையை விட்டுக் காலை நம்பக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் செய்தேன்.

அவன் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் எல்லோரையும் முந்திப் போவான். உச்சியில் திரையைப் பார்ப்பான், முகம் தொங்கிவிடும். ஜெயித்தது கண்ணுக்கு முன்னால் இருக்க, தோற்றதாக நம்பினான்.

"என்னடா, அஞ்சு புள்ளி ஒன்பதைத் தாண்டவே மாட்டியா? யாராவது உருளைக்கிழங்கு வறுத்தா மோப்பம் பிடிச்சுட்டு வர்றியா?" என்பாள் ஹில்டே.

உடனே இன்னும் இரண்டு கிலோ. மறுபடி என்னிடம். மறுபடி இரண்டு சதவீதம். அறுபத்துநாலு, அறுபத்திரண்டு, அறுபது, ஐம்பத்தெட்டு. ஐந்து முறையும் அவனாகவே வந்தான், நான் கூப்பிட்டதில்லை. சாப்பிடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மார்லீனைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி முறை மீட்டரை என்னிடம் நீட்டியபடி கேட்டான்.

"அண்ணே, இது தப்பா காட்டுதோ?"

"மீட்டர் பொய் சொல்லாதுடா. உன் தராசைச் சரிபார்."

அதிலிருந்து மூன்றாம் நாள் ஏற்றத்தின் உச்சிக்கு முதல் ஆளாக வந்தான். திரையைப் பார்த்தான். அப்படியே புல்லில் சாய்ந்தான். பட்டினியில் இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். பின்னால் காரில் வந்த நான்தான் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன்.

அறுபத்தாறு கிலோவிலேயே அவனுக்கு ஆறு வந்துவிட்டது, அம்மா. முதல் நாளே தேறியிருந்தான். எனக்கு அன்றே தெரியும்.

மீட்டரில் குறையே இல்லை என்று உங்கள் நிபுணர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்காதுதான். உங்கள் ஆட்கள் எடுத்துப்போவதற்கு முன்பே நான் அதைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். நல்ல கருவி, பாவம். ஒருவனை ஏமாற்றியது என்ற கெட்ட பெயர் அதற்கு வரக் கூடாது.