திருநீறு பொட்டலத்தில் பாஸ்வேர்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரத்தவர் சொன்னார்: "என் பாஸ்வேர்டு திருநீறு பொட்டலத்துல இருக்கு மச்சான்."

"சாமி காப்பாத்தட்டும்னு வெச்சியா?"

"அட போடா. எல்லா பாஸ்வேர்டையும் பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு அதுல பூட்டி வெச்சேன். அதைத் தொறக்குற பாஸ்வேர்டை மட்டும் மறந்துடக் கூடாதுன்னு காலண்டர்ல எழுதினேன்."

"தினம் கிழிக்கிற காலண்டர்லயா?"

"அன்னைய தேதியிலயே எழுதிட்டேன். மறுநாள் எம் பொண்டாட்டி அதைக் கிழிச்சு, திருநீறு மடிச்சு, சிதம்பரத்துல இருக்குற அவ தங்கச்சிக்குக் குடுத்தனுப்பிட்டா."

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?"

"காலைலேருந்து எடுக்கல. பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னிக்கு சாயந்தரந்தான் கடைசி. அதோட பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாமே உள்ள மாட்டிக்கிச்சு."

புதுச்சத்திரம் தாண்டும்போது அவர் போன் அடித்தது.

"அம்மாடி, பொட்டலம் இருக்கா? திருநீற நெத்தி நெறைய பூசிக்க. என் கையெழுத்து புரியலையா? சரி, தாளை மட்டும் தூக்கிப் போட்றாத, வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. நண்பர் விடவில்லை.

"சரி, இனிமே எங்க எழுதுவ?"

"அதையும் யோசிச்சிட்டேன் மச்சான். டிசம்பர் முப்பத்தொண்ணுல எழுதிடுறேன். அதைக் கடைசியாத்தான கிழிப்பா?"