உருக்க வராத நகைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் நகைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வேல்பாண்டி அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பட்டறைத் தோழர்களே! மறைந்த நம் யோகேஸ்வரி அம்மையாரின் குடும்பத்தாரே! பஸ் பிடித்து வந்து, இடமில்லாமல் வாசலில் நிற்கும் தாய்மார்களே! இராஜபாளையத்து நகைக்கடை ஹரிகிருஷ்ணன் கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

நான் எழுந்து வரும்போது தலைவர் என் காதைக் கடித்தார். “ஏலே ஹரி, நல்லதா நாலு வார்த்தை பேசு. இன்னைக்காவது ஒன் வயித்தெரிச்சலக் கொட்டாத” என்றார். தலைவர் மன்னிக்க வேண்டும். எனக்கு யோகேஸ்வரி அம்மையார்மேல் பொறாமை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் அது முலாம் பூசிய பேச்சாகிவிடும். அந்த வேலை எனக்கு வராது.

பெருமக்களே, தங்கத்தின்மேல் நமக்கு ஏன் இந்தத் தீராத ஆசை? பளபளப்பா? தேய்த்தால் பித்தளையும் பளபளக்குமே! தங்கம் கறுக்காது, துரு ஏறாது, எத்தனை முறை உருக்கினாலும் தங்கமாகவே நிற்கும். ஆசை அதனால்தான். ஆனால் டிசைன் போடுகிறவனுக்கு அந்தக் குணம்தான் எமன்! கண் வலிக்க வரைந்து நான் செய்த நெக்லஸை, சில வருஷம் போனதும் என் கடைக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். “பழைய மாடல் அண்ணாச்சி, உருக்கிட்டு வேற செஞ்சு குடுங்க.” என் வேலையை என் கையாலேயே உருக்கியிருக்கிறேன்.

பொற்கலைச் செல்வி யோகேஸ்வரி அம்மையார் செய்த நகை ஒன்றாவது உருக்குவதற்கு என் கடைக்கு வந்ததா? வந்ததே இல்லை! வ. புதுப்பட்டி பிச்சையம்மாள் அதோ உட்கார்ந்திருக்கிறார். மகன் படிப்புக்காக நான் செய்த வளையலைக் கழற்றி விற்க வந்தார். “அந்தத் தோட்டையும் சேத்துக் குடுத்தா படிப்புச் செலவுக்குக் காணுமே” என்றேன். தோடு யோகேஸ்வரி செய்தது. பிச்சையம்மாள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். “இதக் கழட்டுனா எம் மூஞ்சி மாதிரியே இருக்காது அண்ணாச்சி” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்கள், எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி என்னதான் செய்கிறார் என்று வேவு பார்க்க ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் பட்டறைக்குப் போனேன். மகாராஜபுரத்துப் பெண் ஒருத்தியின் கழுத்தில், மாதிரிக்காகப் பித்தளைக் கம்பியில் செய்த அட்டிகை ஒன்றை யோகேஸ்வரி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு நகை செய்தாலும் முதலில் பித்தளையில் செய்து, ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்வது அவர் வழக்கம். அந்தப் பெண்ணுக்கோ அழுகை வராத குறை.

“பித்தளைய மாட்டிக்கிட்டு எப்படிக்கா நடவுக்குப் போவேன்? எல்லாரும் சிரிப்பாகளே!”

“சிரிச்சா சிரிக்கட்டும். குனிஞ்சு நடு, புள்ளையத் தூக்கு, புருசன்கூடச் சண்டை போடு. எங்கன குத்துதுன்னு வந்து சொல்லு. தங்கத்துல குத்துச்சுன்னா பெட்டியில பூட்டி வச்சிருவ!”

பிறகு என்னைப் பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. டீ குடிச்சுட்டு, நல்லாப் பாத்துட்டுப் போங்க” என்றார். என் வேவு அந்த லட்சணம்! நானும் வந்து அதேபோல ஓர் அட்டிகை செய்தேன். கழுத்தில் படியாமல் விறைத்துக்கொண்டு நின்றது.

நோய் வந்த பிறகும் அவர் பட்டறையை விடவில்லை. கடைசியாகக் கையில் இருந்தது கூமாப்பட்டி இருளம்மாள் மகள் மகாலட்சுமியின் கல்யாண ஆரம். பாதியில் நின்றுவிட்டது. காரியம் முடிந்த மறுநாள் இருளம்மாள் அதை என்னிடம் கொண்டுவந்தார். மேசையில் விரித்துப் பார்த்தேன். வலப்பக்கச் சரம் இடப்பக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. நோயில் கை தவறிவிட்டது என்று நினைத்தேன். மகிழ்ந்தேன்! ஆம், இந்த மேடையில் நின்றே சொல்கிறேன், இறந்துபோனவரின் தவறைக் கண்டு மகிழ்ந்தேன்! “கணக்கு தப்பிருச்சும்மா. உருக்கிட்டு நான் புதுசாச் செஞ்சு தாரேன்” என்றேன்.

“கழுத்துல ஒருக்கா வச்சுப் பாத்துட்டுப் பொறவு உருக்குங்க” என்றார் இருளம்மாள்.

வைத்துப் பார்த்தோம். மேசையில் கோணலாகக் கிடந்த ஆரம், மகாலட்சுமியின் நெஞ்சில் பதக்கம் நடுவாக நேரே நின்றது! சின்ன வயதில் விழுந்து எலும்பு முறிந்ததில் அந்தப் பெண்ணுக்கு வலது தோள் சற்றே இறக்கம். எனக்குத் தெரியவில்லை. யோகேஸ்வரிக்குத் தெரிந்திருக்கிறது. “அவிய என்ட்ட ஒரு வார்த்த கேக்கல. நானாவும் சொல்லல. பித்தளையப் போட்டுப் பாத்தாக, பொறவு சரத்தக் கொறச்சாக” என்றாள் மகாலட்சுமி. இதை மேடையில் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். “சொல்லுங்க மாமா. மாப்பிள்ளைக்கே தெரியும், ஊருக்கென்ன?” என்றாள்.

அந்த ஆரத்தை யார் முடிப்பது என்று தலைவர் இந்த அவையில் கேட்டார். யோகேஸ்வரியை நேசித்த கைகள் இங்கே எத்தனையோ உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் வேலையை என்னைப்போல் உற்றுப் பார்த்தவர் உங்களில் யார்? நீங்கள் கண்டதும் பாராட்டினீர்கள். நான் எங்கே குறை அகப்படும் என்று ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு பற்றவைப்பையும் தேடித் தேடிப் பார்த்தவன்! அவர் கை போன வழி இந்த வயித்தெரிச்சல்காரனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது. ஆகவே அதை என்னிடம் கொடுங்கள்! என் டிசைனிலிருந்து ஓர் இலைகூட அதில் சேராது. குட்டையான சரம் குட்டையாகவே இருக்கும். அவர் பட்டறை முத்திரையைத்தான் குத்துவேன். இது யோகேஸ்வரி அம்மையாரின் ஆன்மாவுக்கு இந்த அவையில் நான் கொடுக்கும் வாக்கு.

ஆவணியில் கூமாப்பட்டியில் கல்யாணம். எல்லாரும் வாருங்கள். மணப்பெண் கழுத்தைப் பார்த்து, யார் செய்த ஆரம் என்று நிச்சயம் எவராவது கேட்பார்கள். யோகேஸ்வரி செய்தது என்று உரக்கச் சொல்லுங்கள். நான் அதே பந்தியில்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நீங்கள் சொல்லுங்கள்.